இருளில் மறையும் மலைகள்

ஆகாய விமானம் ஒன்று மலையில் மோதியது எனக் கேட்டவுடன், இயந்திரம் பழுதுபட்டிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் பழுதேதும் இல்லாத விமானம், விமானி செலுத்தியபடியே சென்று மலையில் மோதுவதும் உண்டு. இது எவ்வாறு நேர்கிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

புனேக்கு அருகே, தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாழ்கின்ற தேஹு ரோட்டில் நின்று நோக்கினால், சஹ்யாத்ரி மலைத்தொடரின் குன்றுகள் பகலில் தெளிவாகத் தெரியும். அம்மலைத்தொடர் வடக்கே அதே மாவட்டத்தைச் சேர்ந்த ஜுன்னர் வட்டாரத்தின் வழியாகவும் செல்கிறது. 1962 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள், நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில், இத்தாலி நாட்டு அலிதாலியா நிறுவனத்தின் ஜெட் விமானம் ஜுன்னர் அருகே ஒரு குன்றில் மோதிச் சிதறியது. சிட்னியிலிருந்து ரோமாபுரிக்குப் புறப்பட்ட அவ்விமானம், பாங்காக்கைக் கடந்து பம்பாயில் இறங்க வந்துகொண்டிருந்தது. பயணிகள் 85 பேர், ஊழியர் 9 பேர் ஆக 94 பேரும் மாண்டனர்.

மோதிய இடம் ஏறத்தாழ 3,600 அடி உயரம். குன்றின் உச்சிக்கு ஐந்தே அடி கீழே. எனினும் உண்மையான பிழை அந்த ஐந்தடியில் இல்லை. பம்பாய்க்கு இன்னும் சுமார் 84 கிலோமீட்டர் இருந்தது. விமானியோ, நகரை நெருங்கிவிட்டதாகக் கருதி முன்னதாகவே விமானத்தைத் தாழ்த்தினார். தம் இடத்தை உறுதி செய்துகொள்ள இருந்த வசதிகளை அவர் பயன்படுத்தவில்லை என்றும், விதித்த குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கினார் என்றும், அவ்வழியின் நில அமைப்பு அவருக்குப் பழக்கமில்லை என்றும் விசாரணையில் முடிவு செய்யப்பட்டது.

விமானத்தின் உயரமானி, காற்றழுத்தத்தைக் கொண்டு கடல் மட்டத்திற்கு மேலுள்ள உயரத்தைக் காட்டுவது. காலடியில் உள்ள நிலத்தை அது அறியாது. 3,600 அடி என்பது பம்பாய்க் கடற்கரையில் வெட்டவெளி. ஜுன்னரிலோ மலையின் உச்சி. ஆதலால்தான் ஒவ்வொரு வழிக்கும், அங்குள்ள உயர்ந்த சிகரத்திற்கு மேல் குறைந்தது ஆயிரம் அடி கூட்டி, ஓர் எல்லை வகுத்திருக்கின்றனர்.

இதே பிழை இலங்கையிலும் நேர்ந்தது. 1974 டிசம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களுடன் கொழும்பில் இறங்க வந்த விமானம், தன் இடத்தைத் தவறாகக் கணித்துத் தாழ்ந்து, சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர் மாண்டனர்.

தரை விரைந்து நெருங்கும்போது எச்சரிக்கும் கருவி அந்த எழுபதுகளில்தான் பரவலாக வழக்கத்திற்கு வந்தது. கீழ்நோக்கி அனுப்பும் ரேடியோ அலைகளால் தரையை அளந்த அக்கருவிக்கு, எதிரே செங்குத்தாக நிற்கும் மலை தெரியாது. தொண்ணூறுகளில் வந்த புதிய கருவி, உலக நிலப்படத்தையே தன்னுள் அடக்கி, வரப்போகும் மலையை முன்கூட்டியே அறிவிக்கிறது. ஆயினும் பழைய விதி மாறவில்லை: தான் இருக்கும் இடம் ஐயமற உறுதியாகும்வரை, விமானி வகுத்த உயரத்தை விட்டு இறங்கலாகாது.