கம்பெனி மூடினாலும் ஓடும் கார்

கொடைக்கானல் மலைக்கு மோட்டார் வண்டி ஏறத் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேலாகிறது. அதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடையாகவோ குதிரையிலோ டோலியிலோதான் மேலே வந்தாக வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் லாஸ் காட் சாலையின் வேலை 1914-ல் முடிந்து, 1916-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கார்கள், பிறகு அம்பாசிடர், பியட், ஜீப் என்று எத்தனையோ தலைமுறை வண்டிகள் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரில் முனகியிருக்கின்றன.

அவற்றில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. தப்பியவற்றில் சில இப்போது மரியாதையோடு இருக்கின்றன. சென்னை தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போனால் அவருடைய பழைய அம்பாசிடரைப் பார்க்கலாம். கோவை அவினாசி சாலையில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியம், மோட்டார் காரின் வரலாற்றையே வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறது. சென்னை ஏவி.எம். ஸ்டுடியோ வளாகத்தில் 2023-ல் வந்த அருங்காட்சியகத்திலும் பழைய கார்கள்தான் கூட்டத்தை இழுக்கின்றன. ஆனால் மியூசியத்தில் நிற்கும் கார் வேறு, வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்பானர் சத்தம் கேட்கும் கார் வேறு. முன்னதற்குச் சம்பளக்காரர்கள் இருக்கிறார்கள். பின்னதற்கு வீட்டுக்காரரின் பிடிவாதம் மட்டுமே துணை.

கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டி போன்ற மலையூரில் அந்தப் பிடிவாதம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த இடம் இது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் தொடும். மழை விட்டாலும் மூடுபனி விடாது. இரும்புக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

சரி, எந்தக் காரை எடுப்பது? தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்வதென்றால் முதலில் சொல்ல வேண்டியது, இந்த மண்ணிலேயே பிறந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1961-ல் வெளிவந்தது. இங்கிலாந்தில் அது டிரையம்ப் ஹெரால்டு. 1959-ல் அங்கே அறிமுகமானது. வடிவமைத்தவர் இத்தாலியர், ஜியோவானி மிக்கலோட்டி. அங்கே ஹெரால்டின் இன்ஜின் 1147, 1296 சி.சி. என்று வளர்ந்துகொண்டே போக, சென்னை ஹெரால்டு கடைசிவரை 948 சி.சி.யிலேயே நின்றுவிட்டது.

இந்தக் கார் வீட்டு ஷெட்டுக்கென்றே செய்ததுபோல் அமைந்ததற்குப் பின்னால் ஒரு வியாபாரச் சண்டை இருக்கிறது. 1950-களில் மற்றக் கம்பெனிகள் எல்லாம் சேசிஸும் பாடியும் ஒன்றாக இருக்கும் கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்துகொடுத்துவந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே துண்டாக அடித்துத்தர ஆள் இல்லாமல் போகவே, பழைய பாணியில் தனிச் சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முறுக்கினார்கள். அன்று வேறு வழியில்லாமல் செய்த ஏற்பாடு இன்று வரமாகிவிட்டது. பின்பக்கம் துருப்பிடித்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றலாம். நாலு பேர் கைகொடுத்தால் பாடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சேசிஸைச் சுரண்டலாம். பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன்டயரின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். திரும்புவதற்கு வேண்டிய வட்டமோ 25 அடிதான். கொண்டை ஊசி வளைவில் இந்த வசதியின் அருமை தெரியும்.

குறையும் உண்டு. ஹெரால்டின் பின்சக்கர அமைப்பில், வளைவுக்குள் வேகமாகப் புகுந்துவிட்டுத் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். மலையில் இதை மறந்து ஓட்டக் கூடாது.

ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் கெசல் வந்தது. 1985-ல் இங்கிலாந்து ரோவரின் பாடிக்குள் பழைய இரண்டு லிட்டர் இன்ஜினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றார்கள். மாருதி வந்து ஊரை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பெட்ரோல் குடிக்கும் இந்தப் பெரிய காரை யார் வாங்குவார்கள்? 1988-வாக்கில் உற்பத்தி நின்றது. ஆண்டுகள் கழித்து, 2006-ல், தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தபோது குடோனில் எஞ்சியிருந்த ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கிக் கப்பலேற்றியது. இங்கே தோற்றுப்போன காரின் பாகங்களுக்கு அங்கே பழைய கார் ஆர்வலர்கள் காத்திருந்தார்கள். கம்பெனி செத்த பிறகு காரை உயிரோடு வைத்திருப்பது யார் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

வேலை எங்கிருந்து தொடங்குகிறது? பெயின்டிலிருந்து என்று நினைப்பவர்கள்தான் அதிகம். டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, பளபளவென்று சிவப்பு அடித்துவிட்டு, பிறகு இன்ஜினைத் திறந்தால் எண்ணெயும் கிரீஸும் அந்தப் பெயின்டின் மேல்தான் வழியும். அனுபவசாலிகள் முதலில் படம் எடுப்பார்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் ஒரு படம், கழற்றிய போல்ட்டுகளுக்குத் தனித்தனிப் பை, பையின் மேல் எழுத்து. ஆறு மாதத்தில் முடிப்பதாகத் தொடங்கிய வேலை மூன்று வருஷம் இழுக்கும்போது இந்தப் பைகள்தான் காப்பாற்றும்.

பல வருஷம் நின்ற இன்ஜினுக்கு உடனே பேட்டரி கொடுத்துச் செல்ஃப் அடிப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் பாதி வெற்றி. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் மாற்றலாம். சிலிண்டரே தேய்ந்திருந்தால் லேத்துக்கு அனுப்பி ரீபோர் செய்து, பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும். கிடைக்காத புஷ்ஷையும் ஷாஃப்டையும் பழையதை மாதிரி காட்டிக் கடைந்து வாங்க மதுரையிலும் கோவையிலும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் நாள் முழுக்க அலைந்தால் ஏதாவது ஒரு அதிசயம் கையில் சிக்கும்.

வயரிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர் தலைகீழ். இது தெரியாமல் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரை மாட்டினால், இணைத்த மறுகணமே அது எரிந்துபோகும்.

இனி மலைக்கே உரிய விஷயங்கள். கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். இங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மதுரையில் டியூன் செய்த கார்ப்பரேட்டர் அதே அளவு பெட்ரோலைத்தான் மேலேயும் விடும்; எரிக்கக் காற்று போதாது. கரும்புகை வரும், பிளக் கரிபிடிக்கும், இழுவை குறையும். அதைச் சரிசெய்ய இங்கேயே பெட்ரோலைக் குறைத்து வைத்தால், கீழே இறங்கியதும் இன்ஜின் சூடாகும். எங்கே அதிகம் ஓடப்போகிறதோ அந்த இடத்துக்குத்தான் டியூன் செய்ய முடியும். நவீன கார்களில் சென்சார் இதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

ரேடியேட்டர் தண்ணீரும் இங்கே சீக்கிரம் கொதிக்கும்; இந்த உயரத்தில் கொதிநிலை 93 டிகிரியை ஒட்டியது. மூடியின் ரப்பர் சரியாக இருந்தால்தான் உள்ளே அழுத்தம் நின்று கொதிநிலை உயரும். சில ரூபாய் பெறுமான ரப்பருக்காக நடுவழியில் ஆவி பறக்க நிற்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். ஏற்றத்தில் இன்ஜின் சூட்டால் பெட்ரோல் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவது இன்னொரு தொல்லை. அம்பாசிடர் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி இதைச் சமாளித்தார்கள். படிப்பில்லாத வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். அதில் இயற்பியல் இருக்கிறது.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் டிரம் பிரேக். நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓர் இடத்தில் கசிந்தாலும் நான்கும் போச்சு. பிரேக் ஆயிலோ காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பல வருஷப் பழைய ஆயிலோடு வத்தலக்குண்டை நோக்கி இறங்கினால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, மிதிக்கும் கால் தரைவரை போகும். அதனால் வீல் சிலிண்டர் ரப்பர், ஹோஸ், ஆயில் எல்லாவற்றையும் புதிதாக்காமல் மலைச் சாலையில் பழைய காரை இறக்குவது குற்றம் என்றே சொல்ல வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். பழைய காருக்கு அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஷெட்டிலும் ஆபத்து உண்டு. குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் அப்படித்தான்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பது புதுக் கவலை. 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் நின்றது. வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். அதனால் பழைய சிலிண்டர் ஹெட்டுகளில் கடினமான இருக்கைகளைப் பதிக்க வேண்டியதாயிற்று. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸ்களை ஊறவைத்து இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். மாதத்துக்கு ஒருமுறை ஓடும் காரின் டாங்கில் துரு சேர இது போதும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களை மாற்றிவிடுவது அதிகச் செலவில்லாத காப்பு.

எரிபொருளோடு போராடியவர்கள் என்றால் யாழ்ப்பாணத்துக்காரர்களைச் சொல்லாமல் முடியாது. 1990-களின் பொருளாதாரத் தடையில் அங்கே பெட்ரோலும் உதிரிபாகமும் போகவில்லை. மோரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ் என்று 1950-களின் கார்கள் அப்போது மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலில், அதாவது குழந்தைகளின் பால்புட்டியில், கொஞ்சம் பெட்ரோலை வைத்துக்கொண்டு, கார்ப்பரேட்டருக்குள் பீய்ச்சி ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய இன்ஜின்கள் என்பதால் அந்த மட்டமான எரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. நவீன இன்ஜினாக இருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்காது. அங்கே யாருக்கும் இது பொழுதுபோக்கு இல்லை. ஆனால் ஒரு பழைய காரின் உள்ளும் புறமும் தெரிந்த மெக்கானிக் தலைமுறை ஒன்று அந்த நெருக்கடியில் உருவானது. அதே இலங்கையின் காலியில், மோரிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிய தொழிற்சாலையும் இருந்தது.

அழகுபடுத்துவது, மாற்றியமைப்பது என்று வரும்போது சட்டம் குறுக்கே வருகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் உறுதிப்படுத்தியது. சீட் துணி, ஸ்டீரியோ என்று உள்ளே செய்துகொள்வதை யாரும் கேட்கப்போவதில்லை. வேறு இன்ஜின் போட்டால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, அசல் வடிவத்தில் இருக்கும் கார்களுக்கும் பைக்குகளுக்கும் இது பொருந்தும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குப் பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு மாநில எழுத்துக்களை அடுத்து வி.ஏ. என்று வரும் எண். ஏற்கெனவே பதிவானவை பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுக்கலாம். தினசரி காய்கறி வாங்கப் போகக் கூடாது. ஹெரால்டு உற்பத்தி 1970-களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால் எஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் எல்லாமே இந்த வயது வரம்பைத் தாண்டிவிட்டன. ஆனால் சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தத் தகுதி கிடைக்காது. பெட்ரோல் விலைக்குப் பயந்து ஒரு காலத்தில் பழைய கார்களுக்கு டீசல் இன்ஜின் பொருத்தியவர்கள் நிறைய. அப்படியொரு காரை இன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர், பேரம் பேசுமுன் ஆர்.சி. புக்கில் இருக்கும் இன்ஜின் நம்பரையும் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டும் பொருந்தாவிட்டால் காரின் விலையோடு, புதுப்பேட்டையில் அசல் இன்ஜினைத் தேடிப் பிடிக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.