பாதி டேங்குக்கு ஏன் முள் முக்கால் காட்டுகிறது?

1960-களின் பிற்பகுதியில் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை ஆசைக்கு வைத்திருப்பவர்கள், பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால் முதலில் மீட்டரைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் வீண் வேலை.

டேங்குக்குள் மிதவை ஒன்று. அதன் கை மின்தடைச் சுருள்மேல் நகரும். இந்தக் காரில் டேங்க் காலியானால் தடை அதிகம், நிறைந்தால் குறைவு. மீட்டருக்குள் ஈருலோகப் பட்டை. மின்னோட்டத்தில் சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும். முள் சாவகாசமாக ஏறுவது அதனால்தான்.

டேங்கின் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் தடை கூடி, முள் குறைத்துக் காட்டும். ஜெனரல் மோட்டார்ஸின் 0–90 ஓம் அமைப்பில் கணக்கு தலைகீழ்: 90 ஓம்தான் முழு டேங்க். அங்கே அதே துரு முள்ளை உயர்த்தும். இரண்டையும் கலந்து மாட்டினால் கூத்துதான்.

எம்ஜிபியில் முள் கூட்டிக் காட்டினால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். பேட்டரி மின்னழுத்தம் 12-க்கும் 14-க்கும் இடையே ஆடும். ஸ்டெபிலைசர் அதை விட்டு விட்டு அனுப்பி, சராசரி 10 வோல்ட் ஆக்குகிறது. அதற்கு எர்த் கிடைக்காவிட்டால் துடிப்பு நின்று, முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய்விடும். வெப்பநிலை மீட்டரும் அதே லைனில் இருந்தால் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும்.

மிதவையைச் சோதிக்க, பேட்டரியைக் கழற்றி, மிதவையின் ஒயரைப் பிரித்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஒயரை பாடியில் தொட்டுப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் தீப்பொறி எதற்கு?