மழை நின்றால் போதுமா? தில்லி ரசிகர்கள் கொண்டாடிய ஜப்பானியப் படமும் மதராசி கேம்ப்பும்

புதுதில்லி: தில்லி ஜங்புரா பகுதியில், பாராபுலா ஓடைக்கரையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் இப்போது இல்லை. 2025 ஜூன் 1-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புல்டோசர்கள் வந்தன. போலீஸ் பாதுகாப்புடன் சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. மழைக்காலத்தில் ஓடை நீர் தடையின்றி யமுனையைச் சென்றடைய வேண்டும், சுற்றுப்புறம் வெள்ளக்காடாகக் கூடாது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், லாஜ்பத் நகர் ரிங் ரோட்டில் ஜப்பான் அறக்கட்டளையின் அலுவலகம் உள்ளது. ஜப்பானியத் திரைப்படங்களைத் தலைநகருக்குக் கொண்டு வரும் அமைப்பு அது. அப்படித் தில்லிக்கு வந்து, இந்திய இளைஞர்களின் மனதில் இடம் பிடித்த ஓர் அனிமேஷன் படத்தின் கதையும் மழையைப் பற்றியதுதான். மழை நிற்க வேண்டுமானால் ஒரு சிறுமி பலியாக வேண்டும். அந்த விலையைக் கொடுக்கலாமா என்று அந்தப் படம் கேட்கிறது. 2019-ல் இது திரையில் கேட்கப்பட்ட கேள்வி. ஆறு ஆண்டுகளுக்குப் பின் இதே நகரில், தமிழர்களின் வீட்டு வாசலில் அது வேறொரு வடிவில் வந்து நின்றது.

ஐம்பதாயிரம் கையெழுத்துகள்

இயக்குநர் மகோடோ ஷின்காயின் "தென்கி நோ கோ" என்ற அந்தப் படம் 2019 ஜூலை 19-ம் தேதி ஜப்பானில் வெளியானது. "வானிலையின் பிள்ளை" என்பது பெயரின் பொருள். வெளிநாடுகளில் "வெதரிங் வித் யூ" என்ற ஆங்கிலப் பெயரில் அறியப்படுகிறது. ஜப்பானில் அந்த ஆண்டின் மிகப் பெரிய வசூல் படமும் இதுதான். ஆஸ்கர் விருதுக்கு ஜப்பான் தன் சார்பில் அனுப்பியதும் இப்படத்தைத்தான்.

ஷின்காயின் முந்தைய படமான "யுவர் நேம்" 2016-ல் உலகெங்கும் வெற்றி பெற்றபோது, இந்திய ரசிகர்களில் பெரும்பாலோர் அதைக் கணினித் திரையில்தான் பார்க்க நேர்ந்தது. அடுத்த படத்தையாவது பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தில் அவர்கள் இணையம் வழியாக ஒரு கோரிக்கை மனுவைத் தொடங்கினர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டனர். நட்சத்திர நடிகர் இல்லை. வசனம் புரியாத மொழியில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு படத்துக்காக இந்தியாவில் இவ்வளவு பேர் மனுப் போட்டது அரிய நிகழ்ச்சி என்பது குறிப்பிடத்தக்கது.

மனு பலித்தது. அமெரிக்க ரசிகர்கள் 2020 ஜனவரி வரை காத்திருந்தபோது, இந்தியத் திரையரங்குகளில் 2019 அக்டோபர் 11-ம் தேதியே படம் வெளியானது. அதற்கு முன்னதாகத் தில்லியில் நடைபெற்ற ஜப்பானியத் திரைப்பட விழாவுக்கு ஷின்காயே நேரில் வந்தார். 2000-க்குப் பிறகு தொலைக்காட்சியில் டோரேமானும் ஷின்சானும் பார்த்து வளர்ந்த தலைமுறை அப்போது கல்லூரிக்குப் போகும் வயதை எட்டியிருந்தது. குழந்தைப் பருவத்துத் தோழனைப் போல் வந்த ஜப்பானிய அனிமேஷன், வயது வந்தபின் எதிர்கொள்ளும் கேள்விகளையும் இந்தப் படத்தின் வழியே அவர்களிடம் கேட்டது.

வெயில் விற்ற சிறுமி

கதை எளிமையானது. பதினாறு வயது ஹோடகா தன் தீவை விட்டு ஓடி டோக்கியோவுக்கு வருகிறான். அங்கே ஓயாத மழை. கையில் காசில்லாமல், ஓர் உணவகத்தில் பசியோடு உட்கார்ந்திருக்கும் அவனுக்கு அங்கு வேலை பார்க்கும் ஹினா என்ற பெண் ஒரு பர்கரைக் கொண்டு வந்து கொடுக்கிறாள். அவள் தாயை இழந்தவள். தம்பி நாகியுடன் ஒரு சிறிய வீட்டில், பெரியவர் துணை இல்லாமல் குடும்பம் நடத்துகிறாள். வேலை கிடைப்பதற்காகத் தன் வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள்.

ஹினா வேண்டிக்கொண்டால் சற்று நேரம் மழை விலகி வெயில் அடிக்கும். மூவரும் அதையே பிழைப்பாக்கிக் கொள்கிறார்கள். கல்யாண வீட்டுக்கும், சந்தைக்கும், மறைந்த கணவருக்கான வழிபாட்டுக்கு வெயில் வேண்டும் மூதாட்டிக்கும் வெயிலை வரவழைத்துத் தருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஹினாவின் உடல் சிறிது சிறிதாகக் கரைகிறது. அவள் முற்றிலும் மறைந்தால்தான் மழை நிற்கும் என்பது பிறகு தெரிய வருகிறது. ஒரு நாள் அவள் மறைகிறாள். நகரம் வெயிலில் குளிக்கிறது. யார் கொடுத்த விலை அது என்று நகரத்துக்குத் தெரியாது.

ஹோடகா அந்த விலையை ஏற்க மறுக்கிறான். ரயில் தண்டவாளத்தின் மீது ஓடி, பாழடைந்த கட்டடம் ஒன்றின் மொட்டை மாடிக்கு ஏறி, அவளை வானத்திலிருந்து மீட்டு வருகிறான். மழை மீண்டும் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் பெய்து டோக்கியோவின் தாழ்வான பகுதிகளை மூழ்கடிக்கிறது.

ஓர் ஊருக்காக ஒருவரை இழக்கலாம் என்பதுதான் கதைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் நீதி. இந்தப் படம் அதைப் புரட்டிப் போடுகிறது. ஊரே நனைந்தாலும் சரி, ஒரு சிறுமியைப் பலி கொடுக்க மாட்டேன் என்று ஒரு சிறுவன் சொல்கிறான். அவன் செய்தது சரியா, தன்னலமா என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதிடுகிறவர்கள் இரு தரப்பிலும் படத்தை நேசிப்பவர்களே.

இடிக்கப்பட்ட கட்டடத்தின் முன்

ரசிகர்களின் அன்பு திரையரங்கோடு நின்றுவிடவில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கிப் போட்டு ஹினா செய்யும் எளிய சோற்றை அவர்கள் தங்கள் வீட்டில் செய்து பார்க்கிறார்கள். டோக்கியோவின் கோயென்ஜி பகுதியில் வானிலைக்கென்றே உள்ள சிறிய ஆலயத்துக்குச் சென்று, நல்ல வெயில் வேண்டி மரப்பலகையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். ஹினாவின் வீடு இருப்பதாகக் காட்டப்படும் தபாதா ரயில் நிலையத்தருகே சரிவான பாதையில் நடந்து பார்க்கிறார்கள்.

இவற்றில் ஒன்று தனியாகக் குறிப்பிடத்தக்கது. ஹோடகா ஏறும் பாழடைந்த கட்டடம், யோயோகி பகுதியில் உண்மையில் இருந்த யோயோகி கைகான் என்ற பழைய கட்டடத்தைப் பார்த்து வரையப்பட்டது. படம் வெளியான சில வாரங்களிலேயே, 2019 ஆகஸ்டில், அதை இடிக்கும் பணி தொடங்கியது. மறைவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ரசிகர்கள் அதன் முன் திரண்டு படம் பிடித்துக்கொண்டார்கள். யாரும் குடியிருக்காத, இடிந்து விழும் நிலையில் இருந்த ஒரு கட்டடம் அது. ஒரு கதை அதற்குள் நிகழ்ந்தது என்பதற்காக அதன் இழப்பை அவர்கள் தங்கள் இழப்பாக உணர்ந்தார்கள்.

மதராசி கேம்ப்பில் 370 வீடுகள் இருந்தன. மூன்று தலைமுறைகளின் கதை அங்கே நிகழ்ந்தது.

தில்லியில் பெய்த மழை

தில்லியின் வெள்ளம் கற்பனை அல்ல. 2023 ஜூலையில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டி, அதுவரை காணாத அளவுக்கு உயர்ந்தது. 2024 ஜூன் 28-ம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் சஃப்தர்ஜங் வானிலை மையத்தில் 228.1 மி.மீ. மழை பதிவானது. 1936-க்குப் பிறகு ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்ததில்லை. அமைச்சர்களும் எம்.பி.க்களும் வசிக்கும் மையப் பகுதியிலேயே தண்ணீர் புகுந்தது.

தெற்கு தில்லியின் மழைநீரை யமுனைக்குக் கொண்டு செல்லும் முக்கிய வடிகால்களில் ஒன்று பாராபுலா ஓடை. அதைத் தூர்வாரி அகலப்படுத்த வேண்டும் என்ற வழக்கில், கரையோர ஆக்கிரமிப்பை அகற்ற தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே 9-ம் தேதி உத்தரவிட்டது. இடம் பொது நிலம் என்பதால், மறுவாழ்வு பெறும் உரிமைக்கு மேல் குடியிருப்போர் வேறு உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ஓடையைச் சீரமைப்பது அவசியம் என்பதை யாரும் மறுக்கவில்லை. மழைக்காலம் தோறும் அந்த ஓடையின் அருகே படுத்து எழுந்தவர்களுக்கு அது மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்.

ஆனால் மறுவாழ்வு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 370 வீடுகளில் 215 வீட்டினர் தகுதியுடையவர்களாக ஏற்கப்பட்டனர். 155 வீட்டினர் ஏற்கப்படவில்லை. தில்லியின் 2015-ம் ஆண்டு மறுவாழ்வுக் கொள்கைப்படி, குறிப்பிட்ட ஆண்டுகளின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கு வசித்ததற்குச் சான்று வேண்டும். வாழ்ந்தது உண்மை என்றாலும், தாளில் இல்லையென்றால் கணக்கில் வராது. படத்தில் ஹினா, நாகியின் வீட்டுக் கதவைத் தட்டும் போலீஸாரும் கொடியவர்கள் அல்லர். பெரியவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகள் வாழ்வதற்கு அவர்களின் விதிமுறையில் இடமில்லை, அவ்வளவுதான்.

தகுதி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை நரேலாவில் உள்ள அடுக்குமாடி வீடுகள். ஜங்புராவிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவு. மதராசி கேம்ப் பெண்களில் பலர் ஜங்புரா, நிஜாமுதீன், டிஃபன்ஸ் காலனி வீடுகளில் வேலை செய்தவர்கள். காலையில் ஒரு வீடு, பகலில் இரண்டு வீடு என்று நடந்தே போய் வந்த பிழைப்புக்கு 40 கி.மீ. தொலைவு என்பது வேலை இழப்புக்குச் சமம்.

மூழ்கிய வீடும் தமிழ்ப் பள்ளியும்

படத்தின் இறுதியில் ஒரு காட்சி வருகிறது. முன்பு ஹினாவிடம் வெயில் கேட்ட மூதாட்டி ஃபுமியைப் பார்க்க ஹோடகா செல்கிறான். அவருடைய பழைய வீடு நீரில் மூழ்கிவிட்டது. இப்போது உயரமான குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறார். ஹோடகா குற்ற உணர்வோடு மன்னிப்புக் கேட்கிறான். அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலாகத்தான் இருந்தது, மனிதனும் மழையும் சேர்ந்து அதை மாற்றினார்கள், பழைய நிலைக்கே அது திரும்பியிருக்கிறது என்று மூதாட்டி அவனைத் தேற்றுகிறார்.

இந்தக் காட்சி ரசிகர்களை நெகிழ வைக்கிறது. அதற்குக் காரணம் மூதாட்டியின் பெருந்தன்மை மட்டுமல்ல. வீட்டை இழந்தவரின் எதிரில், அதற்குக் காரணமானவன் வந்து நிற்கிறான். தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறான். மதராசி கேம்ப் மக்களுக்கு நோட்டீஸ் வந்தது, ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது, புல்டோசர் வந்தது. தமிழக அரசு நிவாரண உதவியும் அறிவித்தது. ஆனால், உங்களிடமிருந்து இதை எடுத்துக்கொள்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நகரத்தின் சார்பில் ஒருவர் வந்து நிற்கவில்லை.

எடுத்துக்கொள்ளப்பட்டதில் வீடு மட்டும் அடங்கவில்லை. கேம்ப் பிள்ளைகள் பலர் அருகில் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தவர்கள். தலைநகரில் தமிழைப் பாடமாகப் படிக்க வழி செய்யும் அக்கழகப் பள்ளிகள் ஏழு. நரேலாவில் ஒன்றுகூட இல்லை. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்ற தாய் தந்தையர், பிள்ளை தமிழ் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காகத் தேடிச் சேர்த்த பள்ளி அது. 370 வீடுகள் ஓரிடத்தில் இருந்தவரை தெருவிலும் தமிழ் இருந்தது. அது நரேலாவிலும், மற்றவர்கள் வாடகைக்குப் போன இடங்களிலும், ஊர் திரும்பியவர்களோடும் சிதறிப் போனது.

அதே பாதை

ஐம்பதாயிரம் கையெழுத்துகளுக்கு மதிப்பளித்து ஒரு படம் இந்த நகரத்துக்கு வந்தது. அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் இந்த நகரத்தின் படித்த இளைஞர்கள். ஓடையை அகலப்படுத்துவதா, வீடுகளைக் காப்பதா என்று மட்டும் கேட்டால் பதில் கடினம். எத்தனை பேருக்கு எங்கே மாற்று வீடு, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி, தாய்க்கு எங்கே வேலை என்று கேட்டுவிட்டு புல்டோசரை அனுப்புவது அவ்வளவு கடினமல்ல. 155 குடும்பங்களின் விஷயத்தில் அந்தக் கேள்விகளுக்கு இனியாவது பதில் தேட முடியும்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு டோக்கியோவுக்குத் திரும்பும் ஹோடகா, ஹினாவைத் தேடிச் செல்வது அவள் வீட்டருகே உள்ள அதே சரிவான பாதையில்தான். நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு நீரில் மூழ்கிய பிறகும் அந்தப் பாதை இருக்கிறது. அவளும் அங்கே நிற்கிறாள். மதராசி கேம்ப்பில் வளர்ந்த சிறுவன் ஒருவன் பள்ளியை முடித்துவிட்டுத் தன் தோழனைத் தேடி ஜங்புராவுக்கு வந்தால், பாராபுலா ஓடை இருக்கும். ரயில் பாதை இருக்கும். தோழனின் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்க, தமிழ் தெரிந்த ஒரு முகம் அங்கே இருக்காது.