கவந்தி

கவந்தி என்பது கர்நாடக மாநிலத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு கையால் தைக்கும் ஒட்டுப்போர்வை ஆகும். சித்திகள், போர்த்துக்கேயர் முதலியோரால் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் ஆவர். வட கர்நாடகத்தின் கௌதி, மகாராட்டிரத்தின் கோதடி, வங்காளத்தின் காந்தா ஆகியனவும் பழந்துணிப் போர்வைகளே.

செய்முறை

பழைய பருத்திச் சேலை அடித்துணியாக விரிக்கப்படுகிறது. நைந்த உடைகளிலிருந்து வெட்டிய துண்டுகள், ஓரம் மடிக்கப்பட்டு அதன்மீது வைக்கப்படுகின்றன. தையல் ஒரு மூலையில் தொடங்கி, விளிம்புகளைச் சுற்றியவாறு நடுப்பகுதியை நோக்கி நகரும். ஊசி மேலும் கீழுமாகச் சென்றுவரும் இத்தையல், அடுக்குகளைப் பிணைப்பதோடு அழகும் தருகிறது. மூலைகளில் 'பூலா' (பூ) எனப்படும் முக்கோண மடிப்புகள் வைக்கப்படும். இவை இல்லாத கவந்தி முழுமையற்றதாகக் கருதப்படுகிறது.

விற்பனை

கவந்திகள் வீட்டுத் தேவைக்காகவே தைக்கப்பட்டு வந்தன. 2004 ஆம் ஆண்டில், அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ஹென்றி திரூவலின் துணையுடன் சித்தி மகளிர் போர்வைக் கூட்டுறவு அமைப்பு உருவானது. 2011 இல் நியூயார்க்கின் சோம்பர்க் மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இத்தொழிலில் மூலப்பொருட் செலவு குறைவு. உழைப்பு நேரமே மிகுதி. அந்நேரத்தைக் கணக்கிடாமல் இயந்திரப் போர்வையின் விலைக்கு விற்றால், தைத்தவருக்குக் கூலி கிடைப்பதில்லை. எனவே விலையைத் தைப்பவர்களே கூடி முடிவுசெய்வது இன்றியமையாதது.

தமிழ்நாட்டில், கிருஷ்ணகிரியை அடுத்த தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங் பள்ளத்தாக்கில், 'போர்கை' அமைப்பின் வழியாக லம்பாடிப் பெண்கள் தங்கள் மரபுப் பூத்தையலை இவ்வாறே வருவாயாக்கியுள்ளனர்.