அறவாய்வும் அறவுரையும்

அறத்தை ஆராய்வது வேறு. அறம் உரைப்பது வேறு. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய மஜீத் ஃபக்ரி, இஸ்லாமிய அறக்கோட்பாடுகள் குறித்து 1991இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தொடக்கத்திலேயே இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துகிறார். ஒரு செயல் ஏன் நன்று, ஏன் தீது என்பதற்குக் காரணங்காட்டி விளக்குவதே கோட்பாடு. திருமறையும் நபிமொழியும் இஸ்லாமிய அறவாழ்வு முழுவதற்கும் ஊற்றாயினும், இப்பொருளில் கோட்பாட்டு நூல்கள் அல்ல என்கிறார். முஸ்லிம்களின் அறச்சிந்தனையை மறைவழி, கலாம்வழி, தத்துவவழி, சமயவழி என நான்காகப் பகுத்து ஆராய்கிறார். 1030இல் மறைந்த மிஸ்கவைஹி தத்துவவழியிலும், 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) சமயவழியிலும் இடம்பெறுகின்றனர்.

அங்ஙனமாயின் அறவுரை ஆராய்ச்சியினும் தாழ்ந்ததா? அன்று என்பதே நம் கருத்து. அறிவுரை என நாம் வழங்கும் 'நஸீஹத்' என்னும் சொல்லின் வேருக்கு, மெழுகு நீங்கிய தேனின் தூய்மை, ஆடையைத் தைத்தல் ஆகிய பொருள்களையும் அரபு அகராதிகள் தருகின்றன. கலப்பற்ற நலநாட்டமும், கிழிந்ததை இணைக்கும் கருத்தும் அதில் அடங்கியுள்ளன. மார்க்கத்தையே நஸீஹத்தாகக் காட்டிய பெருமானார் (ஸல்) அவர்கள், ஆட்சித் தலைவர்களையும் பொதுமக்களையும் அதற்குரியோருள் சேர்த்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது.

ஆட்சியாளர்க்கு அறம் உரைக்கும் மரபு தமிழ் மண்ணிலும் உண்டு. இன்றைய தருமபுரியே பண்டைத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காகச் சங்கப் புலவர் ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். ஆத்திசூடி பாடிய ஔவையார் இவருக்குப் பிற்பட்டவர் என்பர் ஆய்வாளர். நெய் பூசிப் பீலி சூட்டிய தன் படைக்கலங்களைத் தொண்டைமான் பெருமிதத்தோடு காட்டினான். அதியமானின் வேல்களோ போரில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் ஔவையார். அத்துடன் அவர் நிற்கவில்லை. பொருள் இருந்தால் கொடுத்தும், இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்துண்டும் வாழும், வறியோர் சுற்றத்தின் தலைவன் அவன் என்றும் உரைத்தார். புறநானூற்றின் 95ஆம் பாடல் தரும் செய்தி இது. புகழ்வதுபோல் அமைந்த இவ்வுரை, கேட்டவனை இழிவுபடுத்தாமலே எச்சரித்தது. ஆயுதத்தினும் ஈகையே அரசனுக்கு அணி என்றும் உணர்த்தியது.

'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் இயற்றிய கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே, மாணவர் ஒருவர் வேண்டியதற்கிணங்க 'அய்யுஹல் வலத்' என்னும் சிறு மடலையும் வரைந்தார்கள். அறிவுரை கூறல் எளிது, ஏற்றலே அரிது என்பது அதில் அவர்கள் காட்டும் உண்மை. ஆராய்ச்சி அறத்தின் காரணத்தை விளக்குகிறது. கேட்போர் உள்ளம் அதனை ஏற்கச் செய்வது உரைப்போரின் தூய நோக்கமும் கனிவுமே. பேராசிரியரின் பகுப்பைக் கற்கும் நாம், இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன என்று கொள்வதே பொருந்தும்.