மடிப்பு மலைகளும் எண்ணெய் வளமும்

புவியோட்டுத் தட்டுக்கள் ஒன்றையொன்று நெருக்குமிடத்து, கடலடியிற் கிடையாகப் படிந்த அடையற்பாறைகள் மடிந்து மலைத்தொடராக உயர்கின்றன. அராபியத் தட்டு யூரேசியத் தட்டை நெருக்கியதால் எழுந்த ஈரானின் சாகிரோசு மலைகள் இத்தகையன. மடிப்பின் வளைந்துயர்ந்த பகுதி மேன்மடிப்பு எனவும், தாழ்ந்த பகுதி கீழ்மடிப்பு எனவும் வழங்கும்.

நீரினும் இலேசான எண்ணெய் பாறைத் துளைகளூடே மேலேறி, மேன்மடிப்பின் உச்சியிலுள்ள அசுமாரிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிற் தங்குகின்றது. அதன்மேற் கிடக்கும் உப்பு முதலியன செறிந்த படை, எண்ணெயை வெளியேறவொட்டாது மூடிபோலத் தடுக்கின்றது. மூடி பிளந்தவிடத்து எண்ணெய் நிலத்தின்மேற் கசியும். மசீது சுலைமானில் அக்கசிவே துளையிடுவோர்க்கு வழிகாட்டியது. 1908 ஆம் ஆண்டில் அங்கு எண்ணெய் பெருகிற்று. எனவே, மலையை எழுப்பிய நெருக்கமே எண்ணெய்க்குக் கலமும் அமைத்தது. எனினும், மூடியில்லாத கலத்தில் எண்ணெய் நில்லாது.