வீட்டுக் கடனைக் கட்டி முடிக்கும் வழி

வீட்டையோ காணியையோ ஈடாக வைத்து வங்கியிடம் பெற்று, மாதத் தவணையாகத் திருப்பிச் செலுத்தும் கடனே வீட்டுக் கடன். இலங்கையில் இதற்கு அடிப்படை ஈட்டு உறுதி. நொத்தாரிசு அந்த உறுதியை முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிகிறார். வீடு கடனாளியின் பெயரில்தான் இருக்கும். ஆனால் கடைசிச் சதம் கட்டும் வரை அதன்மேல் வங்கிக்கும் உரிமை உண்டு.

வர்த்தக வங்கிகளைத் தவிர, வீட்டுக் கடனுக்கென்றே உருவான நிறுவனங்களும் உள்ளன. 1979 இல் இயங்கத் தொடங்கிய அரச ஈட்டு முதலீட்டு வங்கியும், 1984 இல் தொடங்கிய வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபன வங்கியும் அவற்றுள் முக்கியமானவை. எந்த வங்கியானாலும் முதலில் கேட்பது காணிப் பத்திரத்தைத்தான். திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்தில் வீடு கட்ட நினைக்கும் குடும்பமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். தனியார் உறுதிக் காணியா, அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியா என்பது பெரிய வேறுபாடு. உறுதிக் காணிக்கு நில அளவை வரைபடமும், பதிவேட்டுப் பிரதிகளும், உள்ளூராட்சி மன்றம் அங்கீகரித்த கட்டட வரைபடமும் வேண்டும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி தேவை. போரிலும் இடப்பெயர்விலும் பத்திரங்களைத் தொலைத்த மாவட்டத்தில், அவற்றைச் சீர்செய்வதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். அந்த வேலையை முடித்துவிட்டுக் கடன் கேட்பதே முறை.

தவணைக்குள் இருப்பது என்ன?

30 இலட்சம் ரூபாய்க் கடனை 12 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 36,000 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தப் பணத்தில் 30,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். கடனின் முதல் தொகையில் கழிவது 6,000 ரூபாய்தான். மாதம் செல்லச் செல்ல வட்டி குறைந்து முதலுக்குப் போகும் பங்கு கூடும். ஆனாலும் முதலில் பாதி கழிய பத்து ஆண்டுக்கு மேலாகும். 15 ஆண்டு முடிவில் மொத்த வட்டி சுமார் 35 இலட்சம். வாங்கிய கடனைவிட அதிகம்.

தவணைக் காலத்தை நீட்டினால் மாதச் சுமை குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். அதே கடனை 20 ஆண்டுக்கு எடுத்தால் தவணை 33,000 ரூபாயாகும். மாதம் 3,000 ரூபாய் மிஞ்சுவதற்காக வட்டியாக மட்டும் மேலும் 14 இலட்சத்துக்கு மேல் கட்ட நேரிடும். மாறாக, 15 ஆண்டுக் கடனில் தொடக்கம் முதல் மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கடன் 11 ஆண்டில் தீரும். 10 இலட்சத்துக்கு மேல் வட்டி மிச்சமாகும். இதற்கு இரண்டு விடயங்களை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்: கூடுதல் பணம் முதல் தொகையில் கழிக்கப்படுமா, முன்கூட்டிக் கட்டுவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பவை.

வட்டி மாறும்போது

சில கடன்களில் குறிப்பிட்ட காலத்துக்கு வட்டி மாறாது. மற்றவற்றில் மத்திய வங்கி வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தோடு சேர்ந்து வட்டி ஏறி இறங்கும். இந்த வேறுபாட்டின் விலையை இலங்கை 2022 இல் கண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. 2021 இறுதியில் 8.6 சதவீதமாக இருந்த முதன்மைக் கடன் வீதம் 2022 இறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியது. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அரிசியும் எரிபொருளும் விலை ஏறிய அதே மாதங்களில் வீட்டுத் தவணையும் ஏறியது. மேலே சொன்ன 30 இலட்சக் கடனின் வட்டி 20 சதவீதமானால் தவணை 52,700 ரூபாயாகும். 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கினாலும், அந்த இடைக்காலத்தைத் தாங்கக் கையிருப்பு இல்லாத குடும்பங்கள் நகையை அடகு வைத்தன. ஆகவே மாறும் வட்டியில் கடன் எடுப்போர், இன்னும் 4 சதவீதம் கூடினால் தவணை எவ்வளவு என்று வங்கியிடமே கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும். அதைக் கட்ட முடியாதென்றால் கடன் தொகையைக் குறைப்பதே பாதுகாப்பு.

தவணைக்கு வெளியே உள்ள செலவு

ஆதனம் கைமாறும்போது முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் முத்திரைத் தீர்வை உண்டு. 50 இலட்சம் பெறுமதியான வீட்டுக்கு அது 1,99,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணம், வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம், தீக் காப்புறுதி, கடனாளி இறந்தால் கடனைத் தீர்க்கும் ஆயுள் காப்புறுதி ஆகியன வேறு. இந்தப் பணத்தைத் தனியாக வைக்காதவர்கள், வீட்டுக்குள் போகுமுன்னே கைமாற்றுக் கடனில் விழுகிறார்கள்.

உள்ளூராட்சி மன்றம் அறவிடும் சோலைவரி காலாண்டுத் தவணையில் வரும். ஆண்டு முழுமைக்குமான வரியை ஜனவரி 31 இற்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு கிடைக்கும்.

அடுத்தது பராமரிப்பு. திருகோணமலையில் கடற்காற்றின் உப்பும், ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரி மழையும் வீட்டைச் சோதிக்கும். கூரைத் தட்டில் நூல் போன்ற வெடிப்பு விழுந்து, நீர் உள்ளே இறங்கினால் கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீற்றைத் தள்ளும். வெடிப்பு அகன்று, கடைசியில் காரை பாளம் பாளமாய்க் கழன்று விழும். தொடக்கத்தில் பூச்சு வேலையோடு முடிந்திருக்கும் செலவு, தட்டையே உடைத்துப் போடும் செலவாகிவிடும். ஆதலால் செப்டெம்பரிலேயே கூரை, பீலி, வடிகால் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். 2020 டிசெம்பர் 2 ஆம் திகதி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. காப்புறுதிப் பத்திரத்தில் தீ மட்டும் உண்டா, புயலும் வெள்ளமும் சேர்ந்துள்ளனவா என்று வாசித்துப் பார்ப்பது கரையோரத்தில் வாழ்வோருக்குக் கட்டாயம்.

வருமானத்துக்கேற்ற திட்டம்

துறைமுகத்திலும் சீமெந்து, மா ஆலைகளிலும் அரச அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு மாதச் சம்பளம் உண்டு. மீன்பிடியையும் நிலாவெளி, உப்புவெளிச் சுற்றுலாவையும் நம்பியிருப்போருக்கு மாரியில் வருமானம் சுருங்கும். தவணைத் திகதி மட்டும் மாறாது. இவர்கள் பருவம் நல்லாயிருக்கும் மாதங்களில் குறைந்தது மூன்று தவணைக்கான பணத்தைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்க வேண்டும். தனியார் துறை ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதியும் கைகொடுக்கும். 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதன் மீதியில் 75 சதவீதம் வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாகும். ஆனால் தவணை தவறினால் நிலுவை அந்த நிதியிலிருந்தே கழிக்கப்படும். இழப்பது முதுமைக்கான சேமிப்பை.

தவணை தவறும்போது

தவறிய தவணைகள் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறும்; அடுத்த கடன் எந்த வங்கியிலும் கடினமாகும். 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே ஈட்டு ஆதனத்தை ஏலம் விடும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தந்தது. 2011 ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களை அதிலிருந்து விலக்கியது. எதுவாயினும், முதல் தவணை தவறுமுன்பே வங்கிக் கிளைக்குப் போய் மறுசீரமைப்பைக் கேட்பதே நல்லது. சில மாதம் வட்டி மட்டும் கட்டுவது, காலத்தை நீட்டுவது போன்ற வழிகள் உண்டு. கிளை செவிசாய்க்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களத்திடம் முறையிடலாம்.

நெருக்கடியில் செய்யக்கூடாதது ஒன்றுண்டு. வட்டிக்குக் கொடுக்கும் தனியார் சிலர் ஈட்டு உறுதிக்குப் பதிலாக, பணம் தந்தால் திருப்பி எழுதித் தருவதாகச் சொல்லி விற்பனை உறுதியில் கையொப்பம் கேட்பார்கள். ஈட்டு உறுதியில் வீடு கடனாளிக்குரியது; விற்பனை உறுதியில் கையொப்பமிட்ட அன்றே அது வாங்கியவருக்குரியதாகிவிடும். பிறகு அதை மீட்க ஆண்டுக்கணக்கில் வழக்காட நேரும்.

கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. கடன் தீர்ந்ததற்கான கடிதத்தையும் மூல உறுதிகளையும் வங்கியிடம் பெற்று, ஈடு மீட்பை நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவு இல்லாவிட்டால் கட்டித் தீர்த்த கடனும் பதிவேட்டில் உயிரோடிருந்து, பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது தடையாக வந்து நிற்கும். பதிவேட்டில் ஈடு நீக்கப்பட்ட பிறகே வீடு எந்தப் பொறுப்புமின்றி முழுமையாகக் குடும்பத்துக்குச் சொந்தமாகும்.